பிடிபட்ட மின்னஞ்சல்: விடுவதும் விடாததும்

அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல் நேரே ஊழியரின் பெட்டிக்கு வருவதில்லை. வழியில் ஒரு பாதுகாப்பு வடிகட்டி அதை நிறுத்திப் பார்க்கிறது. பார்த்தபின் ஐந்தில் ஒன்று நடக்கும். குற்றம் தெரியாவிட்டால் கடிதம் இன்பாக்ஸுக்குப் போகும். கொஞ்சம் சந்தேகம் இருந்தால் ஸ்பேம் பெட்டிக்குள் தள்ளப்படும். சந்தேகம் வலுத்தால் ஊழியரின் பெட்டிக்கே வராமல் சர்வரில் தனியாக நிறுத்தி வைக்கப்படும். ஐடி பிரிவினர் குவாரன்டைன் என்று சொல்வது இதைத்தான். அதற்கும் மேலே போனால் வாசலிலேயே மறுக்கப்பட்டு, அனுப்பியவருக்கே திரும்பும். ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் அழிக்கப்படும்.

இந்த ஐந்துக்கும் உள்ள வேறுபாடு அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். மறுக்கப்பட்ட கடிதம் பெரும்பாலும் 550 என்று தொடங்கும் ஓர் எண்ணோடு திரும்பி வரும். கடிதம் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் பெட்டியில் விழுந்ததும், குவாரன்டைனில் நிற்பதும், அழிக்கப்பட்டதும் அவருக்கு ஒன்றுதான்: கடிதம் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். மலாக்காவில் ஆபீஸ் வேலை பார்க்கும் எவரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய பேச்சு இது: “ஐயா, போன திங்கட்கிழமையே கொட்டேஷன் அனுப்பிட்டோமே, வரலையா?” “வரலியே. எதுக்கும் வாட்ஸ்அப்புல போட்டுவிடுங்க.” வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கடிதத்தைப் பிடித்தது எது, ஏன் பிடித்தது, அதே இடத்தில் இன்னும் எத்தனை கடிதங்கள் கிடக்கின்றன என்பதை யாரும் பார்ப்பதில்லை.

வடிகட்டி தேவைப்பட்டதற்குக் காரணம் மின்னஞ்சலின் பிறப்பிலேயே இருக்கிறது. மின்னஞ்சல் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும் முறை 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் எழுதிய விதிகளில் வரையறுக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சிக் கூடங்களுக்காக எழுதப்பட்ட விதிகள் அவை. அனுப்புநர் பெயர் இருக்கும் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம். அது உண்மையா என்று கேட்க அவற்றில் வழி இல்லை. அதற்கு முன்பே, 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கியிருந்தார். அது வெறும் தொல்லை. 1999 மார்ச்சில் மெலிசாவும், 2000 மே மாதத்தில் பிலிப்பீன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் வந்தபின் மின்னஞ்சல் ஆபத்தாகவும் ஆனது. காதல் கடிதம் என்று வந்த கோப்பை உலகெங்கும் ஆபீஸ் ஊழியர்கள் திறந்தார்கள். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அது தானாகவே போனது. தெரிந்தவரிடமிருந்து வந்தால் நம்பலாம் என்ற பழக்கம் அன்றைக்கே செல்லாக்காசானது. பலர் இன்னும் அதை விடவில்லை.

வடிகட்டி செய்யும் வேலையை நான்கு கேள்விகளாகச் சொல்லலாம். முதல் கேள்வி, கடிதம் எந்த சர்வரிலிருந்து வருகிறது என்பது. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் பட்டியலை 1998இல் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் வைத்திருக்கின்றன. பட்டியலில் உள்ள சர்வரிலிருந்து வந்த கடிதத்தை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பல நிறுவனங்கள் மறுத்துவிடும். சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். தெங்கேராவில் ஏர்கோன் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனி, ஆண்டுக்குச் சில நூறு ரிங்கிட் கட்டி ஹோஸ்டிங் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே சர்வரில் வேறு நூற்றுக்கணக்கான கம்பெனிகளும் குடியிருக்கும். அவற்றில் ஒன்றின் இணையத்தளம் ஊடுருவப்பட்டு ஸ்பேம் அனுப்பத் தொடங்கினால், சர்வரின் முகவரியே கறுப்புப் பட்டியலுக்குப் போகிறது. ஏர்கோன் கம்பெனியின் கொட்டேஷன் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு பன்னாட்டுத் தொழிற்சாலையின் வாசலில் நிற்கிறது. இதில் கம்பெனியின் தவறு எதுவுமில்லை. தொழிற்சாலையின் தவறும் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டு முகவரியை மாற்றித் தரச் சொல்வதுதான் வழி. சொல்ல வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வி, அனுப்பியவர் உண்மையிலேயே அவர்தானா என்பது. போஸ்டல் விதிகளில் இல்லாத இந்தச் சோதனை பிற்பாடு மூன்று அடுக்காகச் சேர்க்கப்பட்டது. எஸ்பிஎஃப் என்பது, தன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு நிறுவனம் தன் டொமைன் பதிவில் எழுதி வைக்கும் அறிவிப்பு. டிகிம் என்பது கடிதத்தில் இடப்படும் மின்முத்திரை. வழியில் யாராவது திருத்தினால் முத்திரை பொருந்தாது. இந்த இரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று நிறுவனமே சொல்லி வைப்பது டிமார்க்: விட்டுவிடு, குவாரன்டைனில் வை, மறுத்துவிடு. பல ஆண்டுகள் இவை விருப்பமுள்ளவர் செய்துகொள்ளும் காரியமாக இருந்தன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் நிலைமையை மாற்றின. நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் கடிதம் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். அதைவிடக் குறைவாக அனுப்புவோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

பிடிபட்ட கடிதத்தின் தலைப்பகுதியைத் திறந்தால் இந்தச் சோதனையின் முடிவு ஒரே வரியில் இருக்கும். சாதாரணமாகக் கண்ணில் படாது. ‘ஷோ ஒரிஜினல்’ அல்லது ‘வியூ சோர்ஸ்’ என்ற கட்டளையில் ஒளிந்திருக்கும். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ் என்றிருந்தால், கடிதம் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது. எஸ்பிஎஃப் ஃபெயில், டிகிம் நன், டிமார்க் ஃபெயில் என்றிருந்தால், பெயர் ஒருவருடையது, அனுப்பிய சர்வர் வேறொருவருடையது. இது எப்போதும் மோசடி என்று பொருளல்ல. சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் வெளி நிறுவனம் ஒன்று, கம்பெனியின் பெயரிலேயே ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்பும். அந்த வெளி நிறுவனத்தின் சர்வரை டொமைன் பதிவில் சேர்க்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். விளைவு, கம்பெனியின் சொந்தக் கடிதத்தைக் கம்பெனியின் சொந்த வடிகட்டியே பிடித்து வைக்கும். பழைய முகவரிக்கு வரும் அஞ்சலைப் புதிய முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும்போதும் இதே கதைதான்: நடுவில் ஒரு சர்வர் புகுந்துவிடுவதால் எஸ்பிஎஃப் கணக்கு தவறிப்போகும். எல்லாம் பாஸ் என்றிருப்பதும் முழு நற்சான்று அல்ல. மோசடிக்காரனும் பத்து டாலருக்கு ஒரு டொமைன் வாங்கி, மூன்றையும் ஒழுங்காகப் பதிந்து வைக்கலாம், வைக்கிறான்.

மூன்றாவது கேள்வி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது. 2001இல் வெளிவந்த ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருள் இதற்கு மதிப்பெண் முறையைப் பரவலாக்கியது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் இத்தனை, சந்தேகத்துக்குரிய லிங்க் இருந்தால் இத்தனை என்று கூட்டிக்கொண்டே போய், மொத்தம் ஐந்தைத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். மறு ஆண்டு ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை, ஸ்பேமிலும் நல்ல கடிதத்திலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை தடவை வருகிறது என்று வடிகட்டியே கற்றுக்கொள்ளும் வழியைப் பிரபலமாக்கியது. இன்றைய வடிகட்டிகள் இதைவிட எவ்வளவோ சிக்கலானவை, அடிப்படை அதேதான். தீர்ப்பு ஒரு நிகழ்தகவு. கடிதம் கெட்டது என்று வடிகட்டிக்குத் தெரியாது. கெட்ட கடிதங்களைப் போல இருக்கிறது என்றுதான் தெரியும்.

அதனால்தான் அளவில் சின்ன மொழிகளுக்கு இங்கே ஒரு வம்பு உண்டு. நிறுவன வடிகட்டிகளில் குறிப்பிட்ட மொழிகளில் எழுதிய கடிதங்களை ஸ்பேமாக நடத்தும் ஓர் அமைப்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் நிறுவன அஞ்சல் சேவையிலும் இருக்கிறது. தானாக இயங்காது, நிர்வாகி முடுக்கிவிட வேண்டும். தலைமையகம் ஐரோப்பாவில் இருக்க, ஆங்கிலமும் மலாயும் போதும் என்று ஒரு நிர்வாகி முடிவு செய்தால், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடை கேட்டு எழுதும் கடிதம் உள்ளே வராது. இணையத்தில் தமிழை முன்னெடுத்தவர்களில் மலேசியத் தமிழர்கள் உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். அப்படியிருந்தும், ஆபீசுக்குத் தமிழில் கடிதம் எழுதும்போது தலைப்பிலாவது நிறுவனத்தின் பெயரையும் விஷயத்தையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ சேர்த்து எழுதுவது இன்றைய நிலையில் நல்லது. இது தமிழுக்குக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, குறைபாடு வடிகட்டியுடையது.

நான்காவது கேள்வி இணைப்புக் கோப்புகளையும் லிங்க்குகளையும் பற்றியது. வடிகட்டி கோப்பைத் திறந்து பார்க்கும். சில சேவைகள் தனியான ஒரு கணினியில் ஓடவிட்டு அது என்ன செய்கிறது என்றும் பார்க்கும். திறக்க முடியாத கோப்பு, அதாவது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஸிப், பல நிறுவனங்களில் தானாகவே தடுக்கப்படும். முரண் என்னவென்றால் பாதுகாப்பை நினைத்தே அனுப்புகிறவர் பூட்டுகிறார். மலேசியாவில் சம்பளச் சீட்டையும் வருமான வரிக்கான ஈஏ பாரத்தையும் அடையாளக் கார்டு எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்து அனுப்பும் வழக்கம் பரவலாக உண்டு. முதலாளி ஈஏ பாரத்தைப் பிப்ரவரி இறுதிக்குள் தந்தாக வேண்டும். மார்ச்சில் ‘எனக்கு இன்னும் பாரம் வரவில்லை’ என்று கேட்கும் ஊழியர்களில் சிலருக்கு அது வந்திருக்கும். குவாரன்டைனில் பூட்டோடு கிடக்கும்.

ஆக, நல்ல கடிதம் பிடிபடுவது வடிகட்டியின் கோளாறு மட்டுமல்ல, அதன் இயல்பு. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் நல்லதும் மாட்டும். பெரிதாக்கினால் கெட்டதும் நழுவும். கேள்வி, மாட்டியதை யார் பார்ப்பது என்பதுதான். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு வழக்கு நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. எமரால்ட் கோஸ்ட் என்ற பொதுப் பயன்பாட்டு ஆணையம் ஒரு வழக்கில் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவைக் கட்ட வேண்டும் என்று 2014 மார்ச்சில் உத்தரவு வந்தது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். உத்தரவு மின்னஞ்சலில் போனது. ஆணையத்தின் சார்பில் வாதாடிய சட்ட நிறுவனத்தின் வடிகட்டி, ஸ்பேம் என்று பட்டதை யாருக்கும் அறிவிக்காமல் அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. உத்தரவைக் கண்ணால் பார்க்காமலே கெடு முடிந்தது. அப்படி வைப்பது ஆபத்து என்று அவர்களுடைய கணினி ஆலோசகர் முன்பே எச்சரித்திருந்தார். செலவை நினைத்து நிறுவனம் கேட்கவில்லை. கடிதம் வந்து சேரவில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது. வடிகட்டியை எப்படி அமைப்பது என்பது நிறுவனம் தானே செய்த தேர்வு. அதன் விளைவும் நிறுவனத்துக்கே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

மலேசியாவில் இப்போது இதே மாதிரிக் கெடு சிறு வியாபாரிகளின் வாசலுக்கும் வந்திருக்கிறது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் முதல் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. இன்வாய்ஸ் வாரியத்தின் சரிபார்ப்பைப் பெற்றதிலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான், விவரம் தவறு என்று வாங்குபவர் நிராகரிக்கக் கோரலாம், விற்பவர் ரத்துசெய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட், டெபிட் நோட் என்று சுற்றிவர வேண்டும். அறிவிப்பு மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை மாலை குவாரன்டைனில் விழுந்து, யாரும் பார்க்காமல் இருந்தால், திங்கட்கிழமை மாலைக்குள் அந்த வாய்ப்பு முடிந்துபோகும். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்திலும் அதே தகவல் இருக்கும் என்பது ஓர் ஆறுதல். அஞ்சலை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

இதைக் கேட்டவுடன் பிடித்து வைத்ததையெல்லாம் விடுவித்துவிடலாம் என்று தோன்றும். அது அடுத்த பள்ளம். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டாலரைத் திருட நடந்த முயற்சி, ஓராண்டு முன்னதாக வங்கி ஊழியர்களுக்கு வந்த சாதுவான கடிதங்களில் தொடங்கியது. வேலை தேடும் ஒருவர் தன் சுயவிவரத்தைப் பார்க்கும்படி ஒரு லிங்க்கைத் தந்திருந்தார். வேலைக்கு மனுப் போடுபவரின் கடிதத்தைத் திறப்பது எந்த ஆபீசிலும் வழக்கமான காரியம். அதனாலேயே அந்த வேடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பீன்ஸுக்குப் போனது. இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி டாலர், பெறுபவரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்ததால் இடையிலிருந்த வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தியது. ஒரு சொல்லைக் கவனித்துப் படித்த மனிதர் செய்த வேலை அது.

வைரஸ் கோப்பும் இல்லாமல் மோசடி லிங்க்கும் இல்லாமல் வரும் கடிதம் இன்னும் பொல்லாதது. வடிகட்டி பிடிக்க அதில் எதுவுமே இருக்காது. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்காஸ் 2013 முதல் 2015 வரை, தைவானின் குவாண்டா என்ற கணினி உற்பத்தியாளர் பெயரில் இன்வாய்ஸ் அனுப்பியே கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் பத்துக் கோடி டாலருக்கு மேல் பறித்தார். 2019 டிசம்பரில் ஐந்தாண்டு சிறை கிடைத்தது. மின்னஞ்சல் பாதுகாப்பை உலகுக்கு விற்கும் நிறுவனமே ஏமாந்தது என்றால், ஒரே ஒரு கணக்காளர் உள்ள கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. இந்நாட்டிலும் அதே பாணிதான்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதம் முதல் புதிய எண்ணுக்குச் செலுத்தவும்.’ லிங்க்கோடு வருவதும் உண்டு: வரிக் காலத்தில் ‘உங்களுக்கு வரிப் பணம் திரும்பக் கிடைக்கும், இங்கே அழுத்தவும்’ என்று வாரியத்தின் சின்னத்தோடு வரும்.

இப்படி வரும் முகவரியைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கக் கூடாது. வலக்கோடியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். வருமான வரி வாரியத்தின் டொமைன் ‘ஹாசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடியும். கடைசி இரு துண்டுகள், அதாவது ‘ஜிஓவி டாட் எம்ஒய்’, அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. முன்னால் ‘ஹாசில்’ இருந்து பின்னால் ‘டாட் காம்’ என்று முடிந்தால், அது வாரியமல்ல, வாரியத்தின் பெயரை மாட்டிக்கொண்ட வேறொருவர். பெயர் தெரியும் இடத்தில் ‘லெம்பாக ஹாசில்’ என்று அழகாக இருப்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. அந்த இடத்தில் யாரும் எதையும் எழுதலாம் என்பதுதான் 1982லிருந்து இருக்கும் நிலைமை.

அப்படியானால் பிடிபட்ட கடிதத்தை என்ன செய்வது? முதலில் நேரம். ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் உள்ளவை முப்பது நாளில் தானாக அழியும். மைக்ரோசாஃப்டின் நிறுவனச் சேவையில் குவாரன்டைன் செய்த ஸ்பேம் அமைப்பைப் பொறுத்துப் பதினைந்து நாளோ வேறு கணக்கோ இருக்கும்; அதிகபட்சம் முப்பது நாள். கெடு தாண்டினால் நிர்வாகியாலும் மீட்க முடியாது. தடுத்து வைத்த கடிதங்களின் பட்டியல் ஊழியருக்கு அறிவிப்பாக வரும்படி அமைக்கலாம். பல ஆபீஸ்களில் அதை யாரும் அமைக்கவில்லை. அமைத்த இடங்களில் அந்த அறிவிப்பையே ஸ்பேம் என்று நினைத்து அழிப்பவர்களும் உண்டு. சந்தேகம் சரியானதே: குவாரன்டைன் அறிவிப்பு என்ற பெயரிலும் மோசடிக் கடிதம் வருகிறது. ஆகவே அறிவிப்பிலுள்ள பொத்தானை அழுத்தாமல், குவாரன்டைன் பக்கத்தைத் தனியே திறந்து பார்ப்பதே உத்தமம்.

அடுத்தது, யார் விடுவிக்கலாம் என்பது. வைரஸ் என்றோ உறுதியான ஃபிஷிங் என்றோ முத்திரை குத்தப்பட்டதை மைக்ரோசாஃப்ட் சேவையில் வழக்கமாக நிர்வாகி மட்டுமே விடுவிக்க முடியும். இந்தப் பிரிவினை நியாயமானது. வெறும் விளம்பரமா கொட்டேஷனா என்று பார்ப்பது ஊழியரின் வேலை. அவருக்குத்தான் அந்த வியாபாரி யாரென்று தெரியும். வைரஸ் என்று சொன்னதை மீறுவது ஊழியரின் வேலை அல்ல. அவர் வேண்டுகோள் அனுப்பலாம், அவ்வளவுதான். ‘அர்ஜெண்ட், உடனே ரிலீஸ் பண்ணுங்க’ என்று மேலதிகாரி நெருக்கினாலும் ஐடி பிரிவு அவசரப்படக் கூடாது. அவசரம் என்பதே மோசடிக் கடிதத்தின் முதல் அடையாளம்.

விடுவிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான், அதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடிதம் உண்மையா என்று கேட்டு, அந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுகிறார்கள். அல்லது கடிதத்தின் அடியிலுள்ள எண்ணைக் கூப்பிடுகிறார்கள். மோசடிக்காரன்தான் எடுப்பான், ‘ஆமாம், நான்தான் அனுப்பினேன்’ என்பான். பழைய இன்வாய்ஸிலோ ஆபீஸ் பதிவிலோ உள்ள எண்ணைத் தேடிக் கூப்பிட வேண்டும். “அண்ணே, உங்க பேங்க் கணக்கு மாறிடுச்சுன்னு ஈமெயில் வந்திருக்கு, நீங்கதானா?” என்ற ஒரு கேள்வி போதும். மலாக்கா போன்ற ஊரில் சப்ளையரும் வாடிக்கையாளரும் பெரும்பாலும் அறிமுகமானவர்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரே சாப்பாட்டுக் கடையில் பார்த்துக்கொள்பவர்கள்கூட உண்டு. இந்த வசதி கோலாலம்பூர்ப் பெரு நிறுவனங்களுக்கு இல்லை. அதைப் பயன்படுத்தாமல் இருப்பது வீண்.

கடிதம் நல்லதுதான் என்று உறுதியானபின், அதை விடுவிப்பதோடு ‘இது ஸ்பேம் அல்ல’ என்று வடிகட்டிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பிடிக்கும். ஆனால் அனுப்பியவரின் டொமைன் முழுவதையும் ‘எப்போதும் அனுமதி’ பட்டியலில் போடுவது கெட்ட பழக்கம். நாளைக்கு அந்த சப்ளையரின் பெட்டி களவுபோனால், மோசடிக் கடிதம் சோதனையே இல்லாமல் உள்ளே வரும். தெரிந்தவர் பெட்டியிலிருந்து வரும் மோசடிதான் இன்றைக்கு வடிகட்டிகளுக்குப் பெரிய தலைவலி. மாக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்பு வந்தால், இணையத்திலிருந்து வரும் மாக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது என்பதை நினைவில் வைத்து, அந்தத் தடையை நீக்கச் சொல்லும் கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகிக்கலாம்.

அனுப்புகிறவர் பக்கத்திலும் செய்யக்கூடியவை சில உண்டு. ஜிமெயிலின் இலவச முகவரியிலிருந்து கொட்டேஷன் அனுப்புவதைவிட, ‘டாட் காம் டாட் எம்ஒய்’ டொமைன் ஒன்றைப் பதிந்து, எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லி அமைத்துக்கொள்வது நல்லது. டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் அஞ்சலும் நின்றுபோகும். தலைப்பில் ‘கொட்டேஷன்’ என்று மட்டும் போடாமல் வாடிக்கையாளர் தந்த எண்ணையும் வேலையையும் சேர்த்து எழுதலாம். சுருக்கிய லிங்க் வேண்டாம். கோயில் நிர்வாகமும் சங்கங்களும் ஆண்டுக் கூட்ட அழைப்பை நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே கடிதமாக அனுப்புவது உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர்தான் எல்லை. அதைத் தொடுவதற்கு முன்பே சந்தேகம் எழும். சங்கத்தின் சட்டதிட்டத்தில் அறிவிப்புக்கு இத்தனை நாள் என்று இருந்தால், மின்னஞ்சலை மட்டும் நம்பாமல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுவது பாதுகாப்பு.

சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குவாரன்டைனில் கிடப்பது வேறொருவருக்கு வந்த கடிதம். நிர்வாகிக்கு அதைத் திறக்க வழியிருக்கிறது என்பதால் வம்புக்குத் திறந்து படிக்கலாம் என்றாகாது. சம்பளமும் மருத்துவச் சான்றிதழும் அதில் இருக்கலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு கெட்ட கடிதத்தை விடுவித்து, அதன்வழி ஊழியர் பட்டியல் வெளியே போயிருந்தால், தலையைச் சொறிந்துகொண்டிருக்க நேரமில்லை.

அந்தக் காலத் தோட்ட ஆபீசில் தபால் பையைப் பிரிப்பது யார் என்பதில் குழப்பம் இருந்ததில்லை. கிராணியின் பொறுப்பு அது. துரைக்கு வந்தது துரைக்கு, தொழிலாளிக்கு வந்தது லயத்துக்கு, விலாசம் புரியாதது மேசையில் தனியாக. இன்றைய சிறு கம்பெனிகளில் மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் இல்லை. ஹோஸ்டிங் வாங்கித் தந்தவர் போய்விட்டார், நிர்வாகிக் கடவுச்சொல் முதலாளியின் மருமகனிடம் இருக்கிறது, குவாரன்டைன் பக்கத்தின் முகவரி ஒருவருக்கும் தெரியாது. பிரச்சினை தொழில்நுட்பத்தில் இல்லை, இங்கேதான். காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை அந்தப் பட்டியலைப் பார்க்க ஒருவரையும், அவர் விடுமுறையில் போனால் பார்க்க இன்னொருவரையும் பெயர் குறித்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

மோசடிக் கடிதத்தை நம்பிப் பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் உடனே கூப்பிட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த மையம், பணம் கைமாறிப் போகும் வழியை அடைக்க முயலும். பணம் அனுப்பும் முன்பே, புதிதாக வந்த கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்க்கலாம். புகார் பதிவான எண் என்றால் அங்கேயே தெரியும். தளத்தில் இல்லாத எண் நல்ல எண் என்று பொருளல்ல. சந்தேகக் கடிதங்களைச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கு அனுப்பலாம். கடிதத்தை அழிக்காமல், தலைப்பகுதியோடு அப்படியே அனுப்ப வேண்டும். புகார் கொடுத்துவிட்டு, அதே நாள் ஆபீசில் மற்றவர்களுக்கும் அந்தக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இப்படிப்பட்டவை ஒருவருக்கு மட்டும் வருவது அபூர்வம்.